மானுக்கு ஒன்று, யானைக்கு ஒன்று... வேட்டை ரைஃபிளின் 'காலிபர்' கணக்கு! இன்று நம் கைக்கு எது வரும்?

புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தம் இருக்கும் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. தவளக்குப்பத்தில் இருக்கும் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் குளிர்காலத்தில் இப்படி ஒரு போட்டோ வந்திருக்கலாம். ஆரஞ்சு நிற மேலங்கி, தோளில் நீளமான ரைஃபிள், காலடியில் காட்டுப்பன்றி. கீழே 'இது 7×64' என்று ஒரு வரி. உடனே இங்கிருந்து கேள்விகள் பறக்கும். "7×64-ன்னா என்ன மாமா?", "அதுல யானையைச் சுட முடியுமா?", "நம்ம ஊர்ல வாங்கலாமா?"

மூன்றுமே நல்ல கேள்விகள்தான். கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடலாம்: வேட்டைக்காக என்றால், நம் ஊரில் எந்த காலிபரும் கிடையாது. இந்தியாவில் வேட்டைக்குத் தடை. ஆனால், காலிபர் என்ற கணக்கு வேட்டையோடு முடிந்துவிடவில்லை. ஒரு காலத்தில் நீலகிரியிலும் பென்னாகரத்திலும் அந்தக் கணக்கு தப்பியபோது விலங்குகள் துடித்திருக்கின்றன, மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அதே கணக்கை இன்று வனத்துறை கால்நடை மருத்துவர்கள் வேறு விதமாகப் போடுகிறார்கள். அதைப் புரிந்துகொண்டால், யூடியூபில் வேட்டை வீடியோ பார்க்கும்போது எது வீரம், எது வெட்டி பந்தா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

காலிபர்னா என்ன?

'காலிபர்' ஆங்கிலத்துக்கு பிரெஞ்சிலிருந்து போன சொல். அதன் வேர் 'அச்சு' என்று பொருள்படும் அரபுச் சொல். துப்பாக்கிக் குழாயின் உள் அகலம்தான் காலிபர். ஆங்கிலேயர் இதை அங்குலத்தில் சொன்னார்கள், பிரெஞ்சுக்காரர்கள் மில்லிமீட்டரில் சொன்னார்கள். .22 என்றால் 5.6 மி.மீ., .30 என்றால் 7.62 மி.மீ., .315 என்றால் 8 மி.மீ., .375 என்றால் 9.5 மி.மீ. அதாவது, .375 ரைஃபிளின் குண்டு நம் சுண்டுவிரலைவிடச் சன்னம்தான்!

இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தோட்டாவின் பெயரில் வேறு தகவல்களும் ஒளிந்திருக்கும். 7×64-ல் முதல் எண் குண்டின் அகலம், இரண்டாவது எண் மருந்து அடைத்த பித்தளைக் கூட்டின் நீளம். .30-06-ல் இருக்கும் '06', அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906-ம் ஆண்டு. .450/400 என்றால், .450 தோட்டாவின் கூட்டை வாய்ப்பக்கம் குறுக்கி, .400 குண்டைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரே அளவு என்றால் ஒரே தோட்டா என்றும் நினைக்கக் கூடாது. பிரெஞ்சு ராணுவத்தின் பழைய லெபெல் ரைஃபிளும் 8 மி.மீ. தான், ஆஸ்திரியாவின் மான்லிச்சரும் 8 மி.மீ. தான். ஆனால், இதன் தோட்டாவை அதில் போட முடியாது. மாற்றிப் போட்டால், சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.

ஷாட்கன்னுக்குக் கணக்கே வேறு. 12 போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் அதில் ஓர் உருண்டை நுழையும் அகலம். அதனால், எண் குறையக் குறைய குழாய் பெருக்கும். 19-ம் நூற்றாண்டில் இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் 4 போர் துப்பாக்கி வைத்திருந்தார்கள். ஒரு குண்டே கால் பவுண்டு, அதாவது சுமார் 113 கிராம்!

முதல் கேள்வி: எதிரே நிற்பது எவ்வளவு பெரிய உடம்பு?

வேட்டை ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தவர்கள் மூன்று கேள்விகள் கேட்டார்கள். விலங்கின் உடம்பு என்ன, என் தோள் எவ்வளவு தாங்கும், சட்டம் எதை அனுமதிக்கும்? முதலில் உடம்பைப் பார்ப்போம்.

குழாயை விட்டுக் கிளம்பும்போது குண்டுக்கு இருக்கும் வேகத்தின் ஆற்றலை ஜூலில் அளக்கிறார்கள். 100 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கத் தேவைப்படுவது ஏறக்குறைய ஒரு ஜூல். இந்தப் பட்டியலைப் பாருங்கள். தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் மாறும், எல்லாமே சுமாரான கணக்கு.

* போட்டிக்கான .177 ஏர் ரைஃபிள்: 7.5 ஜூல்
* .22 ரைஃபிள்: 190 ஜூல்
* .30-06: 3,900 ஜூல்
* .405 வின்செஸ்டர்: 4,400 ஜூல்
* .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்: 5,800 ஜூல்
* .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: 6,900 ஜூல்

கவனித்தீர்களா? .405 குழாய் .375-ஐவிட அகலம். ஆனால், ஆற்றலில் .375 தான் மேலே. இரண்டிலும் குண்டின் எடை ஒன்றே, 300 கிரெய்ன், அதாவது சுமார் 19 கிராம். வேகம்தான் வித்தியாசம். 'பெரிய ஓட்டை, பெரிய அடி' என்ற கணக்கு எப்போதும் சரிவராது என்பதற்கு இதுவே சாட்சி.

ஆற்றலைவிட முக்கியமான இன்னொரு விஷயம், குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது. முனையில் ஈயம் வெளியே தெரியும் மென்முனைக் குண்டு, உடம்புக்குள் போனதும் காளான் போல விரியும். கொல்கத்தா அருகே டம்டம் ஆயுதச்சாலையில் 1890-களில் செய்யப்பட்ட இந்த வகைக் குண்டுகளுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 1899-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடிய மாநாடு, போரில் விரியும் குண்டுகளைப் பயன்படுத்தக் கூடாது என்றது. வேட்டையில் மட்டும் அவை தொடர்ந்தன. காரணம், விரியும் குண்டு மானையும் புலியையும் சீக்கிரம் சாய்க்கும்.

யானையிடம் அந்தக் குண்டு எடுபடாது. யானையின் மண்டை ஓடு முழுக்கத் தேன்கூடு போன்ற காற்றறைகள். அவ்வளவு பெரிய தலைக்குள் மூளை மிகச் சிறிய இடத்தில் பின்பக்கமாகப் பதுங்கியிருக்கிறது. விரியும் குண்டு வழியிலேயே நின்றுவிடும். அதனால் யானைக்கும், தோள் தசை மலைபோல இருக்கும் காட்டுமாட்டுக்கும் விரியாத, முழுக்க உலோக உறை போட்ட 'சாலிட்' குண்டுகளைப் பயன்படுத்தினார்கள்.

மொத்தத்தில் அந்தக் கால வரிசை இப்படி இருந்தது. புள்ளிமானுக்கும் காட்டுப்பன்றிக்கும் 7 மி.மீ. முதல் .30 வரை போதும். கடமானுக்கும் கரடிக்கும் .30-06 அல்லது அதற்கு மேல். புலியின் தோல் மெல்லியதுதான், 7 மி.மீ. குண்டே அதைக் கொல்லும். ஆனால், அடிபட்ட புலி ஆளின் மேல் பாயும். பாய்ச்சலை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பதால் .375, .400 என்று மேலே போனார்கள். காட்டுமாட்டுக்கும் யானைக்கும் .400 முதல் .577 வரை.

ஆப்பிரிக்காவில் இன்றும் வேட்டைக்கு அனுமதியுள்ள பல நாடுகளில், ஆபத்தான பெரிய விலங்குகளுக்கு .375 தான் குறைந்தபட்ச அளவு. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-ல் கொண்டுவந்த தோட்டா அது. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அளவுகோலாக நிற்கிறது!

இரண்டாவது கேள்வி: உங்கள் தோள் எவ்வளவு தாங்கும்?

குண்டு முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். ரைஃபிள் பெரிதாக ஆக, உதையும் கூடும். உதைக்குப் பயந்தவர் என்ன செய்வார்? விசையை அழுத்துவதற்கு ஒரு கணம் முன்பே கண்ணை மூடுவார், தோளை இழுப்பார். குறி ஒரு சாண் தள்ளிப் போகும். தாங்க முடியாத .470-ஐவிட, குறி தவறாத .30-06 மேல் என்று அனுபவசாலிகள் சொன்னது இதனால்தான்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ.டி.எம். பெல். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அதில் பெரும்பகுதி .275 என்ற சின்ன ரைஃபிளில். அதுவும் 7 மி.மீ. தான். யானைத் தலையின் உள்ளமைப்பு அவருக்கு அத்துப்படி. மூளை எங்கே இருக்கிறது என்று தெரிந்து அங்கேயே சுட்டார். அந்த எண்ணிக்கையைக் கேட்டால் இன்று நமக்கு மனசு கனக்கிறது. ஆனால் காலிபர் விவாதத்தில் அவர் பெயர் வராமல் இருக்காது. குறி சரியாக இருந்தால் சிறிய குண்டு போதும், குறி தவறினால் எந்தக் குண்டும் போதாது என்பதை அவர் கதை சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டு, 'எனக்கும் சின்னது போதும்' என்று கிளம்பியவர்கள் பலர் உயிரோடு விளையாடினார்கள். பெல்லின் கண்ணும் கையும் எல்லோருக்கும் வாய்க்காதே.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் இருந்தது... வெயில். அந்தக் காலத்து 'கார்டைட்' மருந்து சூட்டில் அதிக அழுத்தம் தரும். குளிரான இங்கிலாந்தில் ஒழுங்காக வேலை செய்த தோட்டா, சித்திரை வெயிலில் சுட்டால் கூடு குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும். எதிரே காட்டுமாடு நிற்கும்போது துப்பாக்கி திறக்க வரவில்லை என்றால் என்ன ஆகும்? அதனால்தான் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் செய்த தோட்டாக்களில் பலவற்றுக்குப் பெரிய கூடு வைத்து, அழுத்தத்தைக் குறைவாக வைத்தார்கள்.

கணக்கு தப்பினால்... 436 உயிர்!

'குறி தப்பினா விலங்கு பிழைச்சுப் போகும், அவ்ளோதானே?' என்று தோன்றலாம். அங்கேதான் ஆபத்தே இருக்கிறது.

உத்தரகாண்டின் சம்பாவத் பெண் புலி, நேபாளத்திலும் குமாவுன் மலையிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907-ல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டுக் கொன்று பரிசோதித்தபோது, வலதுபக்க மேல், கீழ் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிச் சூட்டுக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதர்களைத் தேடி வர அந்தக் காயமே காரணம் என்று கார்பெட் எழுதினார். யாரோ ஒருவர் சுட்டார், சரியாகச் சுடவில்லை, பின்தொடர்ந்து போய் முடிக்கவும் இல்லை. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள், விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் காட்டுக்குப் போன கிராமத்துப் பெண்கள்.

அந்தப் புலியை வீழ்த்திய நாளில் கார்பெட்டின் .500 ரைஃபிளுக்கு இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்த பிறகு, கடைசிக் குண்டைத் தாசில்தாரின் பழைய ஷாட்கன்னில்தான் சுட்டார். அந்த வேட்டைக்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி ரைஃபிள்தான், பிறகு அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்பட்டது.

எனவே, சரியான காலிபர் என்பது வேட்டைக்காரரின் கௌரவப் பிரச்னை மட்டுமல்ல. ஒரே குண்டில், துடிக்க விடாமல் விலங்கைச் சாய்க்க முடியுமா என்பதே அதன் அளவுகோல். இதை மற்ற நாடுகள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் பெரிய மான்களைச் சுட, .240-க்குக் குறைந்த ரைஃபிள் கூடாது. பிரான்சில் பெரிய விலங்கைச் சுடும் ரைஃபிளின் குண்டு, 100 மீட்டர் தூரத்தில் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றலோடு இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

காலிபர்களின் வரலாற்றைப் புரட்டினால், பல எண்கள் பிறந்ததே சட்டத்தால்தான் என்பது தெரியும்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பெரிய வேட்டைக்கு .450 ரைஃபிள்தான் பிரபலம். ஆங்கிலேய ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் .450 குண்டு போடுவது. அவற்றில் பல, கிளர்ச்சியாளர்கள் கைக்குப் போயிருந்தன. வேட்டைக்காரரின் குண்டு அவர்களுக்குப் பயன்பட்டுவிடும் என்று பயந்த அரசு, இந்தியாவில் .450-க்குத் தடை போட்டது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .475 என்று புதுப்புது எண்களில் இறக்கினார்கள். ஆப்பிரிக்காவில் இன்றும் கொண்டாடப்படும் .470 வளர்ந்தது இந்தியச் சட்டத்தின் புண்ணியத்தில்தான்!

.315-ன் கதையும் அப்படித்தான். ராணுவமும் போலீஸும் வைத்திருந்த .303, பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட காலிபர். அதனால் லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு, மேற்கு வங்காளத்தின் ஈசாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை .315-ல் ரைஃபிள் செய்து கொடுத்தது. வட இந்தியாவில் இன்றும் சகஜமாகப் பார்க்கக்கூடியது இது.

இப்போது குடும்ப குரூப்பின் முதல் கேள்விக்கு வருவோம். பிரான்ஸ் மாமா ஏன் 7×64 வைத்திருக்கிறார்? 2013 வரை, .30-06 போன்ற ராணுவத் தோட்டாக்கள் பிரான்சில் போர்க்கருவி வகையில் இருந்தன. சாதாரண வேட்டைக்காரர் அவற்றை எளிதில் வாங்க முடியாது. அதே வேலையைச் செய்யும் 7×64 அந்த வகையில் இல்லை. வேட்டைக்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள், விதி மாறிய பிறகும் பழக்கம் விடவில்லை. யானையைச் சுட முடியுமா என்ற இரண்டாவது கேள்விக்கும் இப்போது உங்களுக்கே பதில் தெரியும். பெல் அதைவிடச் சின்னதில் சுட்டார், அதற்காக அது யானைத் துப்பாக்கி ஆகிவிடாது.

தமிழ்க் காடுகளில் என்ன நடந்தது?

யானை வேட்டைக்குக் கடிவாளம் போட்டதில் சென்னை மாகாணம் முன்னோடி. காட்டு யானைகளைப் பாதுகாக்கும் சட்டம் இங்கே 1873-லேயே வந்துவிட்டது. 1877-ல் ஊட்டியில் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் தொடங்கியது. 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வரையாடும் கடமானும் குறைந்துகொண்டே போனதை முதலில் கண்ணால் பார்த்தவர்கள் வேட்டைக்காரர்கள்தானே?

அடுத்த நூற்றாண்டில், பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் வந்தார். ஜவளகிரி, பென்னாகரம் வட்டாரம், நீலகிரியின் சேகூர் என்று நம் காடுகளை அவர் புத்தகங்களில் உலகமே படித்தது. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். இரட்டைக்குழல் லண்டன் ரைஃபிளின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு, விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இழுத்தால் அடுத்த தோட்டா தயார். ராஜாக்களின் ஆயுதத்தைத் தேடாமல், பட்ஜெட்டுக்கும் பழகிய கைக்கும் ஏற்றதை வைத்துக்கொண்டார்.

1972-ல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட, 'பெரிய விலங்கு வேட்டை லைசென்ஸ்' என்று ஒரு பிரிவு அதில் இருந்தது தெரியுமா? 1991 திருத்தத்தில்தான் அது போனது. அன்றிலிருந்து பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்தியாவில் இடமே இல்லை.

இன்றைய சட்டம்... விளையாட்டல்ல!

சட்டத்தின் கண்ணில், சுட்டுக் கொல்வது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, காயப்படுத்துவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். புலி, சிறுத்தை, யானை, காட்டுமாடு போன்ற முதல் அட்டவணை விலங்குகள் என்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். 'தவளக்குப்பத்துல ஏதுங்க புலி?' என்று கேட்கலாம். ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் இறங்கும் பறவைகளையும் இதே சட்டம்தான் காக்கிறது.

காட்டோரங்களில் இன்று நடக்கும் கொடுமை, காலிபர் கணக்கே இல்லாத ஆயுதங்களால் நடப்பது. நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் குண்டுகளைத் திணித்துச் சுட்டால், விலங்கு அங்கேயே விழாது. காயத்தோடு ஓடி, புழுவைத்து, பல நாள் கழித்துச் சாகும். காட்டுப்பன்றிக்காகப் பழத்துக்குள் வைக்கும் 'அவுட்டுக்காய்' வெடியைக் கடித்து, வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினி கிடந்து யானைகள் செத்திருக்கின்றன. சம்பாவத் புலியின் உடைந்த பல்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதே நேரம், பயிரை இழக்கும் விவசாயியின் வலியும் உண்மை. அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைப் பிடிக்கவோ, வேறு வழியே இல்லாதபோது சுடவோ, தலைமை வனஉயிரினக் காப்பாளர் உத்தரவிடலாம். 2014 ஜனவரியில் நீலகிரியில் மூன்று பேரைக் கொன்ற புலி அப்படித்தான் சுட்டு வீழ்த்தப்பட்டது. தமிழ்நாட்டில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. கவனியுங்கள், வனத்துறை சுடலாம், நாம் அல்ல.

11 மி.மீ., 13 மி.மீ... புதிய காலிபர்!

இன்று நம் காடுகளில் பெரிய விலங்கை நோக்கி நீளும் துப்பாக்கியில், பெரும்பாலும் இருப்பது மயக்க ஊசி. அந்த ரைஃபிள்களுக்கும் காலிபர் உண்டு. 11 மி.மீ., 13 மி.மீ. ஆகியவை சகஜமான அளவுகள். மருந்து எவ்வளவு வேண்டும் என்பதைப் பொறுத்து ஊசியின் அளவு மாறும்.

அந்தக் கால வேட்டைக்காரர் கேட்ட அதே கேள்விகளைத்தான் கால்நடை மருத்துவரும் கேட்கிறார். இந்த யானை எத்தனை டன் இருக்கும்? எவ்வளவு தூரம்? எந்தத் தசையில் பட வேண்டும்? மருந்து குறைந்தால் பாதி மயக்கத்தில் மிரண்டு ஓடும், கூடினால் எழுந்திருக்காது. 2021-ல் மசினகுடி வட்டாரத்தை நடுங்கவைத்த டி-23 புலியைக் கொல்லாமல் பிடிக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சுமார் மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். 2023-ல் தேனியை அலறவிட்ட அரிக்கொம்பன் யானையும் மயக்க ஊசியில்தான் அடங்கியது.

வீட்டில் பழைய துப்பாக்கி இருக்கா?

தாத்தா காலத்து 12 போரோ .315-ஓ வீட்டில் இருந்தால், இவற்றைக் கவனத்தில் வையுங்கள்.

* லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது, அவர் இறந்துவிட்டார் என்றால், அது தானாக உங்களுக்கு வராது. துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.
* லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. 'பரண்ல கிடந்துச்சு, எனக்குத் தெரியாது' என்ற பதில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள்.
* ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.
* பழைய தோட்டாவைச் சுட்டுப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த குழாய் வெடித்தால் போவது உங்கள் கைதான்.
* வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களிடம், 'சும்மா ஒரு தோட்டாவை ஞாபகார்த்தமா எடுத்துட்டு வாங்க' என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். விமான நிலையத்தில் பையில் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் வழக்குதான்.

சுடணும்னு ஆசையா? .177 இருக்கே!

ரைஃபிள் மீதான ஆசை தப்பில்லை, அதற்கு நல்ல பாதை இருக்கிறது. 20 ஜூலுக்குள் ஆற்றல், .177-க்கு மிகாத குழாய் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அடையாள, முகவரிச் சான்றுகள் கேட்பார்கள். வாங்கும் முன், அன்றைய விதி என்னவென்று கடையிலும் காவல் நிலையத்திலும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக, அதை எடுத்துக்கொண்டு கொக்கு, புறா என்று கிளம்பினால் வனச்சட்டம் பாயும்.

'4.5 மி.மீ. எல்லாம் ஒரு துப்பாக்கியா?' என்று அலட்சியம் வேண்டாம். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் சுடுவது இதே காலிபர்தான். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்! 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதில்தான். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் இதே போட்டியில் இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது எங்கே தெரியுமா? தவளக்குப்பத்திலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் வரும் கடலூரில்!

அடுத்தபடி .22 ரைஃபிள், 50 மீட்டர் போட்டி. பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இதில். இதற்கு லைசென்ஸும் ரைஃபிள் கிளப் உறுப்பினர் அட்டையும் முறையான பயிற்சியும் தேவை. பிள்ளைகளைச் சேர்ப்பதாக இருந்தால், முதல் நாள் இதைக் கவனியுங்கள். நல்ல பயிற்சியாளர் முதலில் சுடக் கற்றுக்கொடுக்க மாட்டார். குழாயை ஆள் இருக்கும் பக்கம் திருப்பாதே, சுடும்வரை விரலை விசையில் வைக்காதே, எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக்கொள்... இந்த மூன்றும் பழக்கமாகும்வரை விடவே மாட்டார். அப்படிப்பட்டவரிடம் தைரியமாகச் சேர்க்கலாம்.

பிரான்சில் இருக்கும் தம்பியோ மருமகனோ வேட்டைக்குப் போக ஆசைப்பட்டால், அங்கே 'பெர்மி த ஷாஸே' என்ற வேட்டை அனுமதிக்குத் தேர்வு எழுத வேண்டும். விலங்குகளை அடையாளம் காண்பது, சட்டம், துப்பாக்கிப் பாதுகாப்பு எல்லாமே தேர்வில் உண்டு. எந்த காலிபர் வாங்கலாம் என்று உங்களைக் கேட்டால், இந்தப் பதிலைச் சொல்லுங்கள்: 'நீ சுடப்போற விலங்குக்குச் சட்டம் சொல்ற குறைந்தபட்சத்துக்கு மேல இருக்கணும். உன் தோள் பயப்படாத அளவுக்குக் கீழ இருக்கணும். அந்த ரெண்டுக்கும் நடுவுல எதுன்னாலும் சரி. மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கி, இலக்கு அட்டையில சுட்டுப் பழகு. ஒரே குண்டுல முடியும்னு உறுதியாத் தெரியலைன்னா, விசையிலிருந்து விரலை எடுத்துடு.'